சிசிலியை வலம் வர ஒரு விண்ணப்பம்

எந்தத் தீவைச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் அந்தத் தீவுக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பாதையின் வரைபடம், பயணிகளின் பெயர்ப்பட்டியல், ‘தங்களை இன்னின்ன நாட்களில்’ என்று தொடங்கும் விண்ணப்பம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து அனுப்ப வேண்டும். நான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பத்தொன்பது வருடமாக ஆட்களைச் சுற்றுலா கூட்டிப் போகிறேன். இந்த நடைமுறையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மால்டா சின்னத் தீவு, இரண்டே வாரத்தில் வரச் சொல்லிவிடும். கிரீட் கொஞ்சம் இழுத்தடிக்கும். கோர்சிகாவுக்கு நாலு தடவை எழுதியும் பதில் இல்லை, அதன் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டேன். ஆனால் சிசிலி எனக்குச் செய்தது அநியாயம். அதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்வேன்.

ஏழு மாதம் உட்கார்ந்து போட்ட பாதை அது. வடகரையில் பலெர்மோவில் இறங்குவது. மேற்கே த்ராபனியின் உப்பளங்கள், தெற்கே அக்ரிஜென்டோவில் கிரேக்கர் கட்டிய பழைய கோயில்கள், கிழக்கே சிராக்கூசா, அப்புறம் எத்னா எரிமலை, தவோர்மினா, கடைசியில் வடகரை வழியாகத் திரும்பவும் பலெர்மோ. மொத்தம் ஒன்பது நாள். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போட்டிருந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. எதிர்த்திசையில் சுற்றினால் பேருந்து கடலை ஒட்டிய பக்கமாகவே போகும். வலது சன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. வலது சன்னலோரம் நாலாம் எண் இருக்கை என் மனைவி தமயந்திக்கு என்று எழுதியிருந்தேன்.

தமயந்தி என்னோடு ஏழு நாடுகளுக்கு வந்திருக்கிறாள். எல்லாம் சமைக்கத்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூன்றாம் நாள் ரசம் இல்லை என்றால் நான்காம் நாள் முகம் வாடிவிடும், ஐந்தாம் நாள் ஊருக்குத் திரும்பலாமா என்பார்கள். பாரிஸில் தமயந்தி பார்த்தது ஒரு விடுதியின் பின்பக்கச் சமையலறையை. சுவிட்சர்லாந்தில் மலை எந்தப் பக்கம் இருந்தது என்று இன்று வரைக்கும் கேட்கிறாள். நான் சிசிலிக்குப் பெயர்ப்பட்டியல் எழுத உட்கார்ந்தபோது எதிரே வந்து நின்றாள்.

“ஏனுங்க, என்னைய எதுல எழுதறீங்க?”

“வழக்கம்போலத்தான்.”

“சமையல்னு எழுதாதீங்க. பயணின்னு எழுதுங்க. இந்தத் தடவ நான் பாக்க வாரேனுங்க. கரண்டியத் தொடமாட்டேன்.”

பயணி என்று எழுதினேன். அவள் பக்கத்திலேயே நின்று, மை காய்கிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போனாள்.

வினை விண்ணப்பத்தில் வந்தது. ‘தங்களைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம்’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சுற்றுவது என்பது வேலை வெட்டி இல்லாதவன் செய்வது. ஒரு தீவுக்கு எழுதும்போது கொஞ்சம் மரியாதையான தமிழாக இருக்கட்டும் என்று ‘தங்களை ஒன்பது நாட்களில் வலம் வர விரும்புகிறோம்’ என்று எழுதிவிட்டேன்.

வேறு தீவாக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்காது. சிசிலிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பலெர்மோவில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பல வருடமாக இருக்கிறார்கள், அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அது கற்றுக்கொண்டது. அதனால் அதன் கடிதமும் யாழ்ப்பாணத் தமிழிலேயே வரும்.

ஆறாவது வாரம் பதில் வந்தது.

‘உங்கடை கடிதம் கிடைச்சது. வலம் எண்டு எழுதிப்போட்டு, வரைபடத்திலை இடப்பக்கத்தாலை சுத்திக் கீறியிருக்கிறியள். இது என்ன பகிடியோ? இடப்பக்கத்தாலை சுத்துறது செத்தவீட்டிலை. நான் இன்னும் சாகேல்லை. இப்படிக்கு, சிசிலி.’

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழு மாத உழைப்பை ஒரு தீவு இப்படியா தூக்கிப் போடுவது? அன்றைக்கே பதில் எழுதினேன். ‘அமைச்சர் தொகுதியை வலம் வந்தார் என்று எங்கள் ஊர் நாளிதழில் தினமும் எழுதுகிறார்கள். அவர் எந்தப் பக்கமாகச் சுற்றினார் என்று யார் கேட்டார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டா போனார்? மூன்று சுற்றா சுற்றினார்? சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தங்களைப் போன்ற பெரிய தீவுக்கு அழகல்ல. நேரில் வந்து தங்களிடம் பேசிக்கொள்கிறேன்’ என்று முடித்தேன்.

செருப்பைப் பற்றியும் மூன்று சுற்றைப் பற்றியும் நான் எழுதியிருக்கக் கூடாது. அதுவரை தீவு அதையெல்லாம் யோசித்திருக்கவில்லை.

‘என்னைப் பேசுறதுக்கு நீர் ஆர்?’ என்று தொடங்கியது இரண்டாவது கடிதம். வலம் என்றால் வலம்தான் என்றது. ஒன்பது நாளில் மூன்று சுற்று முடிக்க வேண்டும். ஒருவரும் செருப்புப் போடக் கூடாது. சுற்றும்போது ஒருவரும் தீவுக்கு முதுகு காட்டக் கூடாது. இரவு தங்கும் இடம் தவிர வேறு எங்கும் தரையில் கால் வைக்கக் கூடாது, ஏனென்றால் வலம் வருகிறவர்கள் நடுவில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுவதில்லை. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிவரை நடை சாத்தப்படும், அந்த நேரத்தில் பேருந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும்.

பலெர்மோவில் எங்களுக்குப் பேருந்து ஓட்டுவதாக இருந்தவர் யோகலிங்கம், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். அவருக்குத் தொலைபேசியில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“அண்ணை, நீங்கள் பேசுறன் எண்டு எழுதினதுதான் பிழை,” என்றார். “எங்கடை பக்கம் பேசுறது எண்டால் ஏசுறது. அம்மா பேசினவ எண்டால் அம்மா திட்டினவ எண்டு அர்த்தம். நீங்கள் கதைக்க வேணும் எண்டு எழுதியிருக்க வேணும்.”

“கதைக்கிறது எங்க ஊருல பொய் சொல்றதுங்க.”

“அப்ப ஒண்டும் எழுதாமலே விட்டிருக்கலாம்.”

நான் கொதித்துப் போயிருந்தேன். பேசுவதே குற்றம் என்றால் மனிதன் என்னதான் செய்வான்? ஆனால் பதினொரு பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. தமயந்தி கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு துணி காயப்போடப் பழகிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வரைபடத்தைத் திருப்பிப் போட்டேன். ஒப்புதல் வந்தது, கூடவே ஒரு குறிப்பும் வந்தது: பேருந்தில் மாட்டியிருக்கும் சக்கரங்கள் கால்கள், பின்னால் வைத்திருக்கும் ஸ்டெப்னி செருப்பு, அதைப் பலெர்மோவிலேயே விட்டுவிட்டு வரவும்.

விட்டுவிட்டோம். ஒரு மே மாதக் காலை பத்தரை மணிக்கு, பதினொரு பேரும் வெறுங்காலோடு ஏறி உட்கார, யோகலிங்கம் பேருந்தைக் கிழக்கே எடுத்தார்.

இப்போது தீவு எங்கள் வலப்பக்கம் இருந்தது. கடல் இடப்பக்கம், எதிர்ச்சாரிச் சாலைக்கு அப்பால். தீவுக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் எல்லோரும் கழுத்தை வலப்பக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தோம். இடப்பக்க இருக்கைக்காரர்களுக்குக் கடல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. வலப்பக்கக்காரர்களுக்கு மலையைக் குடைந்த பாதையின் சிமெண்டுச் சுவர் கிடைத்தது. வடகரைச் சாலையில் குகைவழிகள் அதிகம். ஒன்று முடிந்ததும் ஒரு பெட்ரோல் நிலையம் வரும், அப்புறம் அடுத்தது.

தமயந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலாம் எண் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குகைவழிக்கும் கண்ணாடியைக் கழற்றினாள், வெளியே வந்ததும் போட்டுக்கொண்டாள். பதினைந்தாவதுக்குப் பிறகு மடியில் வைத்துவிட்டாள்.

“இதுக்கு நம்மூரு திம்பம் மலைக்குப் போயிருக்கலாமுங்க,” என்றாள். “அங்க எறங்கியாச்சும் நிக்கலாம்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவளுடைய ஒரே சன்னல் அது. அதில் ஒரு தீவு தன் வீம்புக்காகச் சிமெண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. பலெர்மோ திரும்பியதும் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். தீவுகளுக்கு மேலிடம் கண்டங்கள்தான். ஐரோப்பாவின் முகவரி என்னிடம் இருந்தது.

செஃபலு ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டரை ஆனது. யோகலிங்கம் வண்டியை நிறுத்தினார். கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. பிறகு இரண்டு ஊழியர்கள் வந்து முதலில் கடற்கரையையும், அதற்கடுத்து எதிர்ச்சாரிச் சாலையையும் பாயைப் போல் சுருட்டி உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இப்போது கடல் எங்கள் பேருந்தின் இடதுபக்கச் சக்கரங்களைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாலு மணிவரை இறங்க முடியாது, எங்கும் சாப்பாடு கிடைக்காது.

ஓய்வு பெற்ற சார்பதிவாளர் சென்னியப்பன்தான் எங்கள் குழுவில் மூத்தவர். அவர் மலையைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. ஒரு ரசம் மட்டும் வெச்சுக் குடுத்துருங்க, போதும். வண்டிக்குள்ளயே வெச்சுக்கலாம்.”

எல்லோருடைய கழுத்தும் தமயந்தியின் பக்கம்தான் இருந்தது. அவள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அதில் குற்றம் சொல்லவும் முடியாது.

“அடுப்புக்கு எங்க போறதுங்கய்யா?” என்றாள் தமயந்தி.

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவள் குனிந்து தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, காலையிலிருந்து காலில் இடித்துக்கொண்டிருந்த பையை வெளியே இழுத்தாள். கேஸ் அடுப்பு, ஏழு லிட்டர் குக்கர், புளி, மிளகு, பெருங்காயம், பத்துக் கிலோ அரிசி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேருந்தின் நடைபாதையில் வைத்தாள்.

“அடுப்பக் கொண்டாந்திருக்கீங்களா?”

“ஆத்திர அவசரத்துக்கு ஆகுமேன்னு…”

“என்ற சீட்டுக்கடியில வெச்சிருக்கீங்க.”

“வேற எங்கயும் எடம் இல்ல, தமயந்தி.”

“பயணின்னு எழுதறப்ப நான் பக்கத்துலதான நின்னேன்?” அவள் குரலை உயர்த்தவில்லை. “இந்தத் தீவாச்சும் எழுதின எழுத்துக்கு மதிப்புக் குடுக்குதுங்க. வலம்னு எழுதுனீங்க, வலம்னு புடிச்சுட்டு நிக்குது. நீங்க எழுதறது ஒண்ணு, சீட்டுக்கடியில வெக்கிறது ஒண்ணு.”

நான் ஒரு வாக்கியம் தயாரித்தேன். குழுவின் நலன், பெரியவர்களின் உடல்நிலை என்றெல்லாம் அதில் வந்தது. சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் யோகலிங்கம் ஓய்வெடுக்க வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இடப்பக்கம் இருந்த அவசர வழியைத் திறந்தாள்.

“தரையில கால் வெக்கக் கூடாதுன்னு விதி இருக்கு,” என்றேன்.

“தண்ணியிலதான வெக்கிறேன்.”

அது சரிதான். கடற்கரையையும் சாலையையும் சுருட்டி வைத்துவிட்டதால் தீவு எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அது பேருந்தின் இடது சக்கரத்தோடு முடிந்தது.

“கவனம் அக்கா, கல்லு வழுக்கும்,” என்றார் யோகலிங்கம்.

அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு நடந்தாள். நாற்காலியைப் போட்டாள், ஆட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள். அவளுடைய முதுகு முழுவதும் தீவின் பக்கம் இருந்தது.

“அம்மிணி, முதுகு!” என்று கத்தினார் சென்னியப்பன்.

அவள் திரும்பவில்லை. திரும்பப் போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும், முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். தீவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முதுகு காட்டக் கூடாது என்பது அதன் விதி. அவள் தீவில் இல்லாததால் அவளைக் கட்டாயப்படுத்தவும் வழியில்லை. ஆகவே அவளுடைய முகத்துக்கு எதிரே வர வேண்டிய பொறுப்பு தீவின் மேல் விழுந்தது.

சிசிலி புறப்பட்டது. முதலில் மேற்கே கொஞ்சம் நகர்ந்து, அங்கிருந்து வடக்கே வளைந்தது. அவளை வலப்பக்கத்தில் வைத்துத்தான் சுற்றியது, அந்த ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் தானும் திரும்பிக்கொண்டு சுற்றியதால் ஒவ்வொரு கரையும் முறைவைத்து அவள் முன்னால் வந்து போனது. இத்தாலி சற்று ஒதுங்கி வழிவிட்டது.

நாங்கள் பேருந்துக்குள் இருந்தோம், பேருந்து தீவின் மேல் இருந்தது. ஆகவே நாங்களும் அவளைச் சுற்றினோம். நாங்கள் நின்ற கரை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அவளுக்குப் பக்கத்தில் வரும். முதல் தடவை வந்தபோது நான் அவசர வழியில் தொங்கிக்கொண்டு, “தமயந்தி, ஏறிக்கோ!” என்று கூப்பிட்டேன். அவள் என் தலைக்கு மேலாக எத்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் பனியும் புகையும் சேர்ந்து தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் தீவின் மேலேயே இருந்தோம்.

உள்ளே ஒன்பது பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழு மாதம் பாதை போட்டவன் நான், தபால் செலவு செய்தவன் நான், விண்ணப்பத்தில் தீவுக்கு அத்தனை மரியாதை கொடுத்தவன் நான். அந்தத் தீவு எனக்குச் சிமெண்டுச் சுவரைக் காட்டிவிட்டு, ஒரு வரிகூட எழுதாத இவளைச் சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால் சென்னியப்பன் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வெப்பீங்களா?” என்றார்.

“ஏன், எனக்குக் கை இல்லையா?” என்று எரிந்து விழுந்தேன். அப்படிச் சொன்ன பிறகு வைக்காமல் இருக்க முடியாது.

அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், புளி எத்தனை உருண்டை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏழு நாடுகளில் அவள் சமைத்ததைத்தான் பயணக் குறிப்பேட்டில் ‘உணவு ஏற்பாடு’ என்று இரண்டே சொல்லில் எழுதி வந்திருக்கிறேன். முதலில் வைத்த சோறு அடிப்பிடித்தது. புகை வெளியே போகச் சன்னலைத் திறந்தபோது இரண்டாம் சுற்று முடிந்து அவள் பக்கத்தில் வந்தோம்.

“மொளகு எத்தன?” என்று கத்தினேன்.

“பாத்துப் போடுங்க,” என்றாள். அவள் கால்களைத் தண்ணீருக்குள் நீட்டியிருந்தாள். அக்ரிஜென்டோவின் கோயில்கள் அப்போதுதான் அவளைக் கடந்து போயிருந்தன. முகத்தில் வெயில் அடித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை. அதை நினைத்தபோது என் கோபம் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் என் பக்கமே திரும்பிவிட்டது. மிளகைப் பார்த்துப் போட்டேன்.

மூன்றாம் சுற்றின் முடிவில் ஒரு தட்டில் சோறும் ரசமும் போட்டு, அவசர வழியில் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவள் வாங்கி ஒரு வாய் சாப்பிட்டாள்.

“உப்பு இல்லைங்க,” என்றாள். ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மணி மூன்றரை. மூன்று சுற்று முடிந்ததால் தீவு நின்றது. வழக்கமாக ஆறு வாரம் ஆகிற கடிதம் அப்போதே வந்தது. தபால்காரப் பெண் ஒருத்தி தண்ணீரில் இறங்கிப் போய்த் தமயந்தியின் கையில் கொடுத்தாள். என் பெயர் உறையில் எங்கும் இல்லை. தமயந்திக்குக் கண்ணாடியோடு எழுத்துத் தெரியவில்லை என்பதால் யோகலிங்கத்திடம் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார். ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

“காணுமோ?”

தமயந்தி ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு எதிரே பார்த்தாள்.

“இன்னும் காணலைங்களே,” என்றாள்.

யோகலிங்கம் என் பக்கம் குனிந்தார். “எங்கடை பக்கம் காணுமோ எண்டால் போதுமோ எண்டு கேக்கிறது, அண்ணை. காணாது எண்டால் போதாது.”

“அவ பாக்கலைன்னு சொல்றா.”

“அதுவும் அதேதான்.”

தீவு நாலாவது சுற்றுக்குக் கிளம்பியது. நடை திறக்கும் நேரம் தள்ளிப்போடப்பட்டதாகக் கரையெங்கும் பலகைகள் வைத்தார்கள். நான் மறுபடியும் அரிசி களைய உட்கார்ந்தேன். இந்தச் சுற்று முடிந்ததும் சிசிலியும் சாப்பிடும் என்று யோகலிங்கம் சொன்னார். அதற்கும் சேர்த்து ஒரு படி கூடப் போட்டேன், உப்பும் போட்டேன்.